எல்லாருக்கும் பதில் போட்டவர்

எங்கள் எதிர்வீட்டுத் தேசிகாச்சாரி, வந்த பொங்கல் வாழ்த்துகளையெல்லாம் கூடத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுவார். எட்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. போனேன்.

"இது காதர் பாய் அனுப்பினது, பிறை போட்டிருக்கு. இது டேவிட் வாத்தியார், சிலுவை. இது அப்பாண்டை நயினார், தீர்த்தங்கரர் படம். எல்லாருக்கும் பதில் போட்டாச்சு. சாமியில பேதம் ஏது ஓய்?"

அப்போது தபால்காரர் முனிசாமி இன்னோர் அட்டையைக் கொடுத்தார். யாரோ கையாலேயே பொங்கல் பானை வரைந்து, அதற்கு நாமமும் போட்டிருந்தார்கள். தேசிகாச்சாரியின் முகம் சிவந்துவிட்டது.

"தென்கலை நாமம்! வடகலைக்காரன் ஆத்துக்கே அனுப்பறதா? என்ன திமிர்!" சரக்கென்று கிழித்தார்.

"இன்னா சாமி, ரெண்டும் ஒரே பெருமாள்தானே?" என்றார் முனிசாமி.

"மத்தவா வேற மதம், பரவாயில்லை. இவா நம்ம கோயிலுக்குள்ளேயே மல்லுக்கு நிக்கறவா!"

உள்ளேயிருந்து ஓடிவந்த அவர் மனைவி கோமளம் மாமி துண்டுகளைப் பொறுக்கி, பின்பக்கக் கையெழுத்தைப் பார்த்தார்.

"விடுங்கோ மாமி, யாரோ விஷமம்" என்றேன்.

"யாரோவா?" மாமி சீறினார். "தென்கலையாத்துல வாழ்க்கைப்பட்ட எங்க பொண்ணு! தலைப்பொங்கலுக்குக் கூப்பிடாத அப்பாவுக்கு அவளே போட்ட வாழ்த்து!"

செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலிலிருந்து கத்தினார்: "நான் அவாத்துக்குப் போறேன். உங்க பொங்கலை நீங்களே கிண்டிக்கோங்கோ!"