புயல் வீடு

செப்டம்பரில் பள்ளியிலிருந்து வந்த தாளைப் படித்ததும் கார்லா அதை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

எங்கள் பக்கத்துப் பண்ணை வீடுகளுக்கெல்லாம் வருடா வருடம் வருகிற தாள்தான் அது. குளிர்காலத்தில் திடீரென்று பனிப்புயல் அடித்துப் பள்ளிப் பேருந்து பண்ணைகளுக்குப் போக முடியாமல் போனால், எந்தப் பிள்ளை ஊருக்குள் எந்த வீட்டில் தங்க வேண்டும் என்று அதில் இருக்கும். அதற்குப் புயல் வீடு என்று பெயர். கார்லாவின் எட்டு வயது மகள் மார்னிக்கு வெர்னா ஹாகனின் வீடு என்று போட்டிருந்தது.

கார்லாவின் குடும்பம் இருபது வருடம் குத்தகைக்கு உழுத நிலம் விலைக்கு வந்தபோது, ஹாகன் தம்பதி தங்கள் மகனுக்காக அதை வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவர்கள் முகத்தில் கார்லா விழிப்பதில்லை. சர்ச்சில் அவர்கள் வலது பக்கம் உட்கார்ந்தால் இவள் இடது பக்கம்.

உடனே பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எந்த வீடானாலும் சரி, அந்த வீடு மட்டும் வேண்டாம் என்றாள். அங்கே இருந்த பெண் தயங்கினாள். மார்னிக்குச் சர்க்கரை நோய், காலையும் மாலையும் இன்சுலின் போட வேண்டும், ஊசி என்றதும் எல்லோரும் பின்வாங்குகிறார்கள், இருந்தாலும் பார்க்கிறேன் என்றாள்.

பார்த்தாளோ இல்லையோ, ஜனவரியில் புயல் வந்துவிட்டது.

மார்னி வெர்னா வீட்டில் இருக்கிறாள், மருந்தையும் கொடுத்து அனுப்பியிருக்கிறோம் என்று பள்ளியிலிருந்து தகவல் வந்தது. அதோடு போன் செத்துப்போனது. மூன்று நாள் வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"அந்தம்மாவுக்கு ஊசிய எப்படிப் பிடிக்கணும்னாவது தெரியுமா?" என்று புருஷன் டேலைக் கேட்டுக்கொண்டே இருந்தாள் கார்லா. டேல் டிராக்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வாசலைத் தாண்டுவதற்குள் அது பனியில் புதைந்துவிட, நடந்து திரும்பி வந்தான். யாராவது நர்ஸ் போயிருப்பாள் என்றான். அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

அது லேசான வேலை இல்லை என்று கார்லாவுக்குத் தெரியும். போன வருடம் நோய் இன்னதென்று தெரிந்தபோது, ஆஸ்பத்திரி நர்ஸ் அவளைத் தனி அறையில் உட்காரவைத்து, கையில் ஊசியையும் ஒரு ஆரஞ்சுப் பழத்தையும் கொடுத்தாள். பழத்தில் தண்ணீர் ஏற்றிப் பழக வேண்டும். கை நடுங்காமல் போட வருகிற வரைக்கும் மகளிடம் விடவே இல்லை. ஒரு கூடைப் பழம் வீணானது.

நாலாம் நாள் காலையில் பனி தள்ளும் வண்டி வந்தது. கார்லா அதற்குப் பின்னாலேயே தன் வண்டியை ஓட்டிக்கொண்டு ஊருக்குள் போனாள்.

வெர்னா கதவைத் திறந்தாள். மார்னி உள்ளே பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வா. காபி போடட்டுமா?"

"வேண்டாம்."

"குளிர்ல வந்திருக்க. ஒரு வாய் குடிச்சிட்டுப் போயேன்."

"வேண்டாம்."

எங்கள் ஊரில் காபிக்கு மூன்று தடவை கேட்பார்கள். முதல் இரண்டு 'வேண்டாம்' மரியாதைக்கு. மூன்றாவது தடவைதான் சரி என்பார்கள். கார்லா மூன்றாவது தடவைக்கு இடமே கொடுக்கவில்லை.

"நிலத்த எடுத்துக்கிட்டீங்க, போகட்டும். எம் பொண்ண வெச்சு ஊர்ல நல்ல பேர் வாங்கப் பாக்காதீங்க."

வெர்னாவின் முகம் சிவந்துவிட்டது. குனிந்து மார்னியின் கோட்டில் மேல் பட்டனைப் போட்டுவிட்டாள். "நல்லா சாப்பிட்டா, நல்லா தூங்கினா" என்று மட்டும் சொன்னாள்.

வண்டியில் ஏறியதும் முதல் வேலையாக மகளின் விரலைக் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தாள் கார்லா. சரியாக இருந்தது. மூன்று நாளில் அப்போதுதான் அவளுக்கு ஒழுங்காக மூச்சு வந்தது.

"யாரு ஊசி போட்டா?"

"மிசஸ் ஹாகன்தான்."

"நர்ஸ் வந்து சொல்லிக்குடுத்தாங்களா?"

"யாரும் வரல. வாசக்கதவே தெறக்க முடியலம்மா."

"வலிச்சுதா?"

"நீ போடறத விடக் கம்மிதான்."

கார்லாவுக்குச் சுருக்கென்றது. வண்டியைக் கிளப்பினாள். சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்டாள். வேளாவேளைக்குக் கொடுத்தார்களாம். மார்னிக்கு ஆகாது என்று அவர்களும் கேக்கைத் தொடவில்லையாம்.

"மிஸ்டர் ஹாகன்தான் பாவம்" என்றாள் மார்னி.

"அவருக்கென்ன?"

"செப்டம்பர்லேர்ந்து தினமும் அவருக்கு ஆரஞ்சுப் பழந்தானாம். கண்ணால பாத்தாலே வெறுப்பா இருக்குன்னார். அதுவும் சப்புன்னு தண்ணியா இருக்காம். நானும் பாத்தேம்மா, சமையல்கட்டுல கூடை நெறைய இருக்கு. எல்லாத்துலயும் பொடிப்பொடியா ஓட்டை."

வண்டி கடைத்தெரு முனையில் நின்றது. பிறகு வந்த வழியே திரும்பியது.

வெர்னா கதவைத் திறந்தாள். கார்லா வாசலில் நின்றாள். கண் நிறைந்திருந்தது.

வெர்னா ஒதுங்கி வழிவிட்டாள்.

"காபி போடட்டுமா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.