ஊசிக்குச் சம்மதம்

"முதுகுல ஊசியா? வேணவே வேணாம்!" என்று கட்டிலில் சுருண்டுகொண்டாள் கெமிகிஷா.

உகாண்டாவின் அந்த ஆஸ்பத்திரிக்கு டாக்டர் ஒடோங்கோ அன்று காலையில்தான் மாற்றலாகி வந்திருந்தார். இவளுக்கு எச்.ஐ.வி.; இரண்டு வாரமாக மண்டையைப் பிளக்கும் வலி. மூளைக்குள் எந்தக் கிருமி புகுந்திருக்கிறது என்று தெரிய, முதுகுத்தண்டு நீரை எடுத்தே ஆகவேண்டும்.

"ஊசி குத்திக்கிட்டவங்கள்ல யாரு டாக்டர் எழுந்து நடந்தாங்க? இதே கட்டில்ல ஒருத்தர், அந்த ஜன்னலோரம் ஒருத்தி... அத்தனை பேரும் போய்ச் சேர்ந்தாச்சு."

"அவங்க ஊசியால சாகலம்மா..."

"'பயந்து பயந்து நாளைக் கடத்திட்டு, கடைசி நேரத்துல ஒத்துக்கிட்டதால செத்தாங்க.' அதானே சொல்லப் போறீங்க?"

ஒடோங்கோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொல்ல வந்ததும் அதேதான்.

"இவ்வளவு தெரிஞ்சுமா அடம் பிடிக்கிறீங்க? யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. பதினெட்டு வருஷமா இந்த வார்டுல நான்தான் எல்லார்கிட்டயும் இதைச் சொல்லிக் கையெழுத்து வாங்குறேன்."

தலைமை நர்ஸ் கெமிகிஷா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"ஒருத்தராவது பிழைச்சு வந்து, நீ சொன்னது நிஜம்தான்னு எங்கிட்டச் சொல்லல, டாக்டர்."