கேபிளுக்கு உடம்பு சரியில்லை

"கரண்ட் ஓடும்போதே என் மெஷின் பாத்துடும் சார்," என்று ஷெரின் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எலக்ட்ரிகல் மேனேஜர் விஜயபாண்டி பிரேக்கரை ஆஃப் செய்தார்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருந்த அந்த நூல் மில் அப்படியே அடங்கிப்போனது.

பூமிக்கடியில் ஓடும் ஹைவோல்டேஜ் கேபிளுக்குள் இன்சுலேஷன் எங்கே நைந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் ஷெரினுடைய வேலை. தோண்ட வேண்டாம், மில்லை நிறுத்த வேண்டாம். எர்த் ஒயரில் ஒரு கிளாம்ப்பை மாட்டினால் போதும். உள்ளே கடுகளவு பொறி பறந்தாலும் திரையில் தெரிந்துவிடும்.

மதுரையிலிருந்து வந்ததும் முதல் வேலையாக மாட்டிப் பார்த்துவிட்டாள். ஒரு பொறி இல்லை. கேபிள் கல்லு மாதிரி இருந்தது.

"அதான் பாத்தாச்சே சார். இப்ப எதுக்கு நிறுத்தினீங்க?"

"அது உங்க டெஸ்ட்டும்மா. நான் மாசாமாசம் மெக்கர் மீட்டர் வச்சு இன்சுலேஷனைப் பாப்பேன். அதுக்குக் கரண்ட் இருக்கக் கூடாது."

"மெக்கர் எங்க?"

"வரும்."

"அதுவரைக்கும் ஜெனரேட்டராவது போடலாமே?"

"கூடாதும்மா. ரூல்ஸ்."

எந்த ரூல்ஸ் என்று அவர் சொல்லவில்லை. நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"செத்த நேரம் உக்காருங்க. பால்கோவா சாப்பிடுறீகளா?"

ஷெரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மில்லையே நிறுத்திவிட்டு ஒரு மனிதர் பால்கோவா தின்கிறார். இதை முதலாளியிடம் சொல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்று விறுவிறுவென்று நடந்தாள்.

வழியில் மில்லுக்குள் எட்டிப் பார்த்தாள். பஞ்சுப் பொதியில் சாய்ந்து ஒருத்தி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி வீட்டுக்குப் போன் போட்டு, பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த பெண், இவளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீங்கதான் கேபிளுக்கு வைத்தியம் பாக்க வந்தவியளா? எம் பேரு பாண்டிசெல்வி, தளவாய்புரம். கேபிளு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. இன்னும் இருபது வருஷம் தாங்கும்."

பாண்டிசெல்வியின் முகம் விழுந்துவிட்டது.

"அம்புட்டு நல்லாவா இருக்கு?"

"ஏம்மா, அது நல்லதுதானே?"

"கேபிளுக்கு நல்லதுதான். ஷிப்ட் பூராம் மெஷினைச் சுத்திச் சுத்தி நடக்கோம். மாசம் ஒருக்கா அதுக்கு உடம்பு சரியில்லாமப் போனாத்தான் நாங்க உக்காருவோம். சம்பளத்துலயும் பிடிக்க மாட்டாவ." குரலைத் தாழ்த்தினாள். "மேனேஜர் சார் புண்ணியவான். மொதலாளிகிட்ட மட்டும் நல்லா இருக்குன்னு சொல்லிப்புடாதீங்க."

ஷெரினுக்கு விஜயபாண்டியின் ரூல்ஸ் இப்போதுதான் விளங்கியது. ஆனால், முதலாளி சுப்புராஜ் அதற்குள் அவளைப் பார்த்துவிட்டார்.

"உள்ள வாங்கம்மா. கேபிள் எப்படி இருக்கு?"

பொய் சொன்னால் அவள் பார்க்கும் தொழிலுக்கே அர்த்தமில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு நல்ல மனிதரின் வேலை போகும்.

"நல்லா இருக்கு சார்," என்றாள். "ஆனாலும் மாசாமாசம் பாத்துக்கிறது நல்லது."

"மில்லை நிறுத்தியா, நிறுத்தாமலா?"



சுப்புராஜ் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"நானும் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படிச்சவன்தாம்மா. ஓடிக்கிட்டு இருக்கும்போதே பாக்கலாம்னு எனக்குத் தெரியும்."

"சார், விஜயபாண்டி சாரை ஒண்ணும்..."

"அவரை எதுக்கு நான் சொல்லப்போறேன்? நானா இந்தப் பொண்ணுங்களுக்கு ரெஸ்ட் குடுத்தேன்னு வைங்க, ஊர்ல உள்ள அம்புட்டு மில்லுக்காரனும் என்கிட்ட சண்டைக்கு வருவான். கேபிள் கெட்டுப்போச்சுன்னா யாரு என்ன சொல்ல முடியும்?"

சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். மில் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்.

"என்னய்யா விஜயபாண்டி, டெஸ்ட் பண்றீரா, தூங்குறீரா? இந்த நிமிஷம் கரண்ட் வரணும்!"

போனை வைத்துவிட்டு, நிதானமாக நாற்காலியில் சாய்ந்தார்.

"இப்படி அவசரப்படுத்தினாத்தாம்மா, அந்த ஆளு வீம்புக்கு இன்னும் அரை மணி நேரம் இழுப்பாரு."