கதவுக்குப் பின்னால் கேட்ட குரல்

“வரும்போது பேரீச்சம்பழம் வேண்டாம் மச்சான், இங்கனயே கெடைக்குது” என்று ஜைனப் அனுப்பியதுதான் அவள் கணவன் யூசுப்புக்குக் கடைசியாக வந்த குரல் செய்தி. பிறகு ஏழு மாதமாக எழுத்துதான். போன் மைக் கெட்டுவிட்டதாம்.

ஒருநாள் அவன் வேலை பார்க்கும் சவுதியின் தம்மாமுக்கு, தென்காசியிலிருந்து நண்பன் மன்சூர் கூப்பிட்டான்.

“ஏலே, ஊருக்கு வந்துட்டு மூச்சே விடலியே?”

“நான் தம்மாம்லதான்லே இருக்கேன்.”

“பொய் சொல்லாதலே. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தேன். ‘ஜன்னல்ல வச்சுட்டுப் போங்க’ன்னு கதவுக்குப் பின்னால நின்னு நீதான சொன்ன?”

யூசுப் அன்றே லீவு கேட்டான். நான்காம் நாள், யாருக்கும் சொல்லாமல் தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் தன் வீட்டுக்குள் நுழைந்தான். கட்டிலுக்கு அடியில் பார்த்தான். பீரோவைத் திறந்தான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தான்.

பின்னாலிருந்து கனத்த ஆண்குரல் கேட்டது.

“என்னத்தத் தேடுதீங்க மச்சான்?”

“யாருக்குலே யாரு மச்சான்?” என்று கையை ஓங்கித் திரும்பினான்.

ஜைனப் தனியாக நின்றாள். மேலுதட்டில் மீசை அரும்பியிருந்தது.

“இந்தக் குரல வச்சுக்கிட்டு உங்ககிட்ட எப்படிப் பேசுவேன்?” என்று அதே குரலில் அழுதாள்.

திருநெல்வேலி டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். “சினைப்பையில கட்டி. ரொம்ப அபூர்வம். அதுதான் ஆண் ஹார்மோனைச் சுரக்குது. இன்னும் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து.”

கட்டியை எடுத்தார்கள். ஜைனப் பிழைத்தாள். மீசை மெல்ல மறைந்தது. குரல் மட்டும் திரும்பவில்லை.

யூசுப் மறுபடி தம்மாம் போய் ஒரு வருடம் ஆகிறது. தினமும் அவளோடு பேசுகிறான். சிலிண்டர் கொண்டுவருகிறவர் இன்னும் வாசலில் நின்று கேட்கிறார், “பாய், லீவு முடியலியா?”