கமலாவதியின் முழங்கால்

"முழங்கால்தான் பிள்ளை. வலது முழங்கால். இருந்தா எழும்பேலாது, எழும்பினா இருக்கேலாது," என்று வாசலில் நம்பர்த் துண்டு எழுதுகிற லவீனாவிடம் முனகிவிட்டு, இருபத்தேழாம் நம்பரோடு போய்க் கதிரையில் சாய்ந்தாள் கமலாவதி. மருதனார்மடம் சந்தையடியில் இருக்கிற அந்தத் தனியார் கிளினிக்கில் பின்னேரம் நாலு மணிக்கே சனம் வாசல்வரை நின்றது.

வீட்டில் பத்து நாளாக வேறு கதையே இல்லை. ஓமோ, இல்லையோ என்று இண்டைக்கு ஒரு முடிவோடுதான் திரும்பவேண்டும். பிழையாக முடிவெடுத்தால் சீவிய காலம் முழுக்க அனுபவிக்கிற விசயம். புருஷன் பரமலிங்கமோ, "நீ போய் நேரிலை பாத்திட்டு வந்து சொல்லு, எனக்கு உதுகள் விளங்காது," என்று சொல்லிவிட்டு வெங்காயத் தோட்டத்துக்குள் ஒளித்துக்கொண்டார். மகள் கீர்த்திகாதான் பாவம், தொண்டையில் சோறு இறங்காமல் திரிந்தாள்.

டொக்டர் கேதீஸ்வரனைப் பற்றிச் சொன்னது தம்பிராசா. "தங்கமான டொக்டர், தங்கச்சி. எத்தினை பேர் கேட்டுக்கொண்டு நிக்கினம் தெரியுமே? பிந்தினா கிடைக்காது," என்று அவர் மூன்று தரம் போன் எடுத்துவிட்டார்.

அந்தத் தங்கத்தின் குரல் மூடின கதவையும் தாண்டி வந்துகொண்டிருந்தது. "நான் டொக்டரோ, நீர் டொக்டரோ? சொன்னதைக் குடியும். அடுத்த ஆள்."

உள்ளே போனவர்கள் எல்லோரும் ஒன்றரை நிமிசத்தில் வெளியே வந்தார்கள். கமலாவதி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சுன்னாகத்துப் பெரியவர் ஒருவர் திறந்த நெஞ்சோடு வந்து, சட்டைத் தெறிகளை ஒவ்வொன்றாகப் பூட்டினார். "நெஞ்சைக் காட்டச் சட்டையைக் கழட்டினனான். அதுக்குள்ளை மருந்துத் துண்டைத் தந்து அனுப்பிப்போட்டார்."

"டொக்டர் எப்பவும் இப்பிடித்தானோ, பிள்ளை?" என்று கமலாவதி மெல்லக் கேட்டாள்.

"இண்டைக்குக் கொஞ்சம் நல்ல மாதிரி இருக்கிறார், அன்ரி," என்றாள் லவீனா. அவள் சிரிக்கவில்லை.

இருபத்தேழாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். உள்ளே டொக்டருக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஒரு கையில் போன், மற்றக் கையில் பேனை. வந்தது ஆளோ மாடோ என்று அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வணக்கம் தம்பி, எனக்கு இந்த முழங்கால்..."

"தம்பியோ? தம்பியெண்டு கூப்பிட இது உங்கடை வீடில்லை. டொக்டர் எண்டு சொல்லுங்கோ."

கமலாவதிக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. "சரி, டொக்டர்," என்று அடங்கி, இடது முழங்காலை நீட்டித் தடவினாள். "இந்தக் கால்தான். படி ஏறேலாமல் கிடக்கு."

நிமிர்ந்தால்தானே எந்தக் கால் என்று தெரியும்? அவருடைய பேனை ஏற்கனவே ஓடத் தொடங்கியிருந்தது.

"நிறை எவ்வளவு?"

"நிறுத்துப் பாக்கேல்லை, டொக்டர்."

"தராசு பாவமெண்டு ஏறாமல் விட்டியளோ?" தன் பகிடிக்குத் தானே மூக்கால் சிரித்தார். "மூண்டு நேரமும் புட்டை வெட்டு வெட்டெண்டு வெட்டுறது. பிறகு எங்களிட்டை வந்து நோகுது எண்டு அழுறது. வீட்டிலை வேலைவெட்டிக்கு ஒருத்தரும் இல்லையோ?"

"ஒரு மகள் இருக்கிறாள், டொக்டர். ஒரே பிள்ளை."

"அவவுக்கும் உதே சாப்பாடுதானே? அவவையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ரெண்டு உருப்படிக்கும் சேத்து ஒரே துண்டாய் எழுதிவிடுறன்."

கமலாவதி நீட்டின காலை மடக்கிக்கொண்டாள். தன்னைச் சொன்னதைப் பொறுத்திருப்பாள். முகம் தெரியாத பிள்ளையை ஏன் இழுக்கவேண்டும்? ஆனாலும் பொறுமையாக, "ஒரு கேள்வி கேக்கலாமோ, டொக்டர்?" என்றாள்.

"கேள்வி கேக்கிறதெண்டா யூரியூப்பிலை போய்க் கேளுங்கோ." துண்டைக் கிழித்து மேசையில் தள்ளினார். "அடுத்த ஆள்."

கமலாவதி எழும்பினாள். துண்டை எட்டாக மடித்து, வாசலில் இருந்த குப்பை வாளிக்குள் போட்டாள். கைபிடியைத் தொடாமல் நாலு படியையும் படபடவென்று இறங்கினாள்.

"அன்ரி, மருந்து எடுக்கேல்லையோ? கால் கவனம்," என்று லவீனா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"இப்ப நல்ல சுகம், பிள்ளை."

ரோட்டுக்கு வந்து, ஆஞ்சநேயர் கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள். பத்து நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. போன் அடித்தது. தம்பிராசாதான்.

"என்ன தங்கச்சி, ஆளைப் பாத்தாச்சோ?"

"ஓம் அண்ணை. அவர்தான் என்னைப் பாக்கேல்லை. நான் வடிவாய்ப் பாத்தனான்."

"அப்ப என்ன முடிவு? அவையள் நாளைக்கு என்னட்டைக் கேப்பினம்."

கமலாவதி மேலே அந்தக் கதவை ஒருக்கால் திரும்பிப் பார்த்தாள்.

"மாப்பிளை சரிவராது, அண்ணை. அடுத்த ஆள்."