பச்சையானால் வரமாட்டாள்

கணவர் இறந்தபின் தனியாக இருந்த இருதயமேரியிடம் பேசிக்கொண்டிருக்க, அரசு வாரம் இருமுறை ஷகிலாவை அனுப்பியது. மேரியின் கையில் அரசு கட்டிவிட்ட, மனநிலையைக் காட்டும் பட்டை மெல்லச் சிவப்பிலிருந்து பச்சையானது. உடனே கடிதம் வந்தது: "நலமடைந்துவிட்டீர்கள்." ஷகிலாவின் வருகை நின்றது.

மேரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவைத் திறப்பாள், மூடுவாள். உலை கொதிக்கும்போதே அடுப்பை அணைப்பாள். ஒரு மாதத்தில் பட்டை சிவந்தது.

மறுநாளே ஷகிலா வாசலில் நின்றாள். மேரி அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதீங்கக்கா! மறுபடி பச்சையாயிட்டா என்னை அனுப்பமாட்டாங்க," என்று பதறினாள் ஷகிலா.

மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்போ ஏதாவது சோகமாச் சொல்லு."

ஷகிலா யோசிக்கவே இல்லை. "எனக்கும் வீட்டுல பேச ஆளில்லக்கா."