என்னை நிறுத்துங்கள்

"நீ என்ன என் மாமியாரா? எழுந்திருக்க மாட்டேன், போய்யா!"

மகிட்டா அம்மா கத்தியதில் பக்கத்து வரிசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பச்சிங்கோ சூதாட்டக் கடையில் இது பெரிய விஷயம். ஐந்நூறு மெஷினில் இரும்புக் குண்டு உருளும் சத்தத்தில், பக்கத்து சீட்டுக்காரன் செத்து விழுந்தாலும் யாருக்கும் தெரியாது.

மேனேஜர் குசகாபே குனிந்து வணங்கினார். "ஒரு மணி நேரம் முடிஞ்சிடுச்சும்மா. நீங்களே எழுதிக் குடுத்ததுதானே?"

"நான்தானே எழுதினேன்? நானே கிழிச்சுடறேன், கொண்டா!"

"நாளைக்கு வாங்க, கிழிக்கலாம். இப்ப வீட்டுக்குப் போங்க."

"எதிர்க்கடைக்குப் போறேன். அவன் டீ குடுத்து உட்கார வைப்பான்!"

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மேனேஜர் வாசல்வரை பின்னாலேயே போய், இன்னொரு முறை குனிந்துவிட்டு வந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். போன மாதம்தான் பதினெட்டு முடிந்தது. வேலை கொடுத்தது இந்தக் கடை ஒன்றுதான். கம்பெனியின் ஒன்பது கடைகளில் எங்கள் அமகசாகி ஊர்க் கடைதான் வசூலில் கடைசி. மார்ச்சுக்குள் வசூல் ஏறாவிட்டால் இழுத்து மூடிவிடுவோம் என்று தலைமை ஆபீஸ் கடிதமே அனுப்பியிருக்கிறது. இந்த மனுஷனோ நன்றாக ஆடுகிற ஆளாகப் பார்த்து வீட்டுக்கு அனுப்புகிறார்.

எல்லாம் அந்த ஃபாரத்தால் வந்தது. 'இவ்வளவு நேரத்துக்கு மேல் ஆடினால் என்னை நிறுத்துங்கள்' என்று ஆடுகிறவர்களே கையெழுத்துப் போட்டுத் தரலாம். அவர்கள் தராவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் போட்டோவோடு தரலாம். எங்கள் கவுண்டரில் இருபத்திரண்டு ஃபாரம் இருக்கிறது. எழுதிக் கொடுப்பதும் அவர்கள்தான், நிறுத்தினால் திட்டுவதும் அவர்கள்தான்.

இந்தத் தொழிலே இப்படித்தான். ஜெயித்த பரிசை எங்கே காசாக்குவது என்று யாராவது கேட்டால் 'தெரியாது' என்று சொல்ல வேண்டும், சொல்லிக்கொடுத்தால் லைசென்ஸ் போய்விடும் என்று முதல் நாளே மிரட்டினார்கள். பரிசை வாங்கிக்கொண்டு காசு தருகிற ஜன்னல் எங்கள் பின்சந்தில்தான் இருக்கிறது. தினமும் வரிசை நிற்கிறது. எனக்குத் தெரியாதாம்!

நடந்ததையெல்லாம் தலைமை ஆபீஸ் அதிகாரி இகுனோ பார்த்துக்கொண்டே நின்றார். எங்கள் கடையைச் சோதிக்க வந்தவர்.

"அந்தம்மா எத்தனை வருஷமா வர்றாங்க?"

"ஆறு வருஷம் சார்," என்றார் மேனேஜர்.

"ஆறு வருஷ வாடிக்கையை வாசல்வரைக்கும் கொண்டுபோய் எதிர்க்கடைக்கு வழியனுப்பிட்டு வர்றீங்க. கடை ஏன் படுத்துச்சுன்னு நான் வேற ஆராய்ச்சி பண்ணணுமா?"

"கையெழுத்து வாங்கியிருக்கோம் சார். நிறுத்தாம விட்டு, நாளைக்கு யாராவது புகார் குடுத்தா..."

"சோதனைக்கு வர்ற போலீஸ் எத்தனை ஃபாரம் இருக்குன்னு எண்ணும். எத்தனை பேரை நிறுத்தினீங்கன்னு எண்ணாது. வருஷ அறிக்கையில 'வாடிக்கையாளர் நலன்'னு ஒரு பக்கம் போட்டாச்சு. அது போதும்."

"அப்ப எதுக்கு சார் ஃபாரம் வாங்கறோம்?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் நிற்காது.

இகுனோ என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு இவன்?"

"புதுப் பையன் சார். ரியோஹெய்."

"படிப்பு முடிச்சியா?"

"இல்ல. பாதியில விட்டுட்டேன்."

"தெரியுது."

மேனேஜர் மெதுவாக, "அந்தம்மா இதை எழுதும்போது அழுதாங்க சார்," என்றார்.

"அழுகையை வெச்சு கரண்ட் பில் கட்ட முடியுமா, குசகாபே?"

மேனேஜர் உள்ளே போய்விட்டார்.

இகுனோ என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த இருபத்திரண்டையும் ஒரு பெட்டியில போட்டு அலமாரி மேல ஏத்து. போலீஸ் வந்தா இறக்கிக் காட்டு. மத்த நாள்ல தொடாதே. யாரையும் நிறுத்தாதே."

உண்மையைச் சொல்கிறேன், அவர் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. கடை பிழைக்கும், என் வேலையும் பிழைக்கும். பெட்டி எடுத்து வரப் போனேன்.

திரும்பி வந்தால் இகுனோ கவுண்டரில் குனிந்து ஒரு புது ஃபாரத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"போலீஸுக்குக் காட்ட எண்ணிக்கையைக் கூட்டறீங்களா சார்?"

அவர் சிரிக்கவில்லை. மேனேஜர் வருகிறாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து ஃபாரத்தின்மேல் வைத்தார். செர்ரி மரத்தடியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு சார்?"

"என் வீட்டுக்காரி."

போட்டோவை இன்னொரு முறை பார்த்தேன்.

"தெரிஞ்சவங்க கண்ணுல படக்கூடாதுன்னு ரயிலேறி இங்க வர்றா. நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது. அவளை உள்ளேயே விடாதே. அழுவா. திட்டுவா. என் பேரைச் சொல்லி வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு மிரட்டுவா. என்ன ஆனாலும் விடாதே தம்பி."

அவ்வளவு பெரிய அதிகாரி, பள்ளிக்கூடத்தை முடிக்காத எனக்கு முன்னால் இடுப்பு மடியக் குனிந்து நின்றார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நானும் குனிந்தேன்.

நிமிர்ந்ததும் கோட்டைச் சரிசெய்துகொண்டார். "இது மட்டும் கவுண்டர்லயே இருக்கட்டும். மத்ததைப் பெட்டியில போட்டுடு."

"சரி சார்," என்றேன்.

அவர் போனதும் அந்த ஃபாரத்தை மகிட்டா அம்மா ஃபாரத்துக்கு அடியில் செருகினேன். மற்றதைப் பெட்டியில் போடவில்லை.